வங்கி ஒழுங்குமுறையும் வட்டியற்ற வணிகமும்

மதீனாவின் சந்தையைப் பற்றி ஹதீஸ் நூல்களில் இரு செய்திகளைக் காண்கிறோம். விலைவாசி உயர்ந்த ஒரு காலத்தில் மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பொருள்களுக்கு விலை நிர்ணயித்துத் தருமாறு வேண்டினர். அண்ணலார் அதற்கு இணங்கவில்லை. எவருடைய உயிருக்கோ உடைமைக்கோ அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்னும் கருத்தில் மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தியை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். மற்றொரு செய்தி அபூஹுரைரா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. சந்தையில் இருந்த ஒரு தானியக் குவியலினுள் அண்ணலார் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு அவரைக் கண்டித்தார்கள்.

அரபிக் கல்லூரிகளில் இவ்விரு ஹதீஸ்களும் வெவ்வேறு பாடங்களில் நடத்தப்படுவதால், மாணவர்கள் இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால், சந்தையில் ஆட்சியாளரின் கை எங்கே நுழைய வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பது விளங்கும். விலை, வாங்குபவரும் விற்பவரும் மனமொத்து முடிவு செய்வது. குவியலினுள் இருப்பதை மறைக்கவிடாமல் தடுப்பது ஆட்சியின் கடமை. பின்னாளில் ஹிஸ்பா என்னும் சந்தைக் கண்காணிப்புத் துறை இதே அடிப்படையில் வளர்ந்தது. இமாம் மாவர்தீ (ரஹ்) தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் அதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். பதுக்கலால் மக்கள் நசுக்கப்படும்போது ஆட்சியாளர் விலையிலும் தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா கூறியது உண்மை. எனினும் அவர்கள் அதை விதிவிலக்காகவே வைத்தார்கள்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் நாட்டின் வங்கிச் சட்டத்தை ஆராய்வதே நம் நோக்கம். வங்கித் துறையில் அரசின் பிடி தளர வேண்டும் என்று பேசுவோரைப் பெருமுதலாளிகளின் வழக்கறிஞர்கள் என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அந்த ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், இந்தியாவில் வட்டியை விலக்கி வாழ முயலும் ஒரு சாதாரண சேமிப்பாளருக்கு அந்தத் தளர்வு எவ்வளவு தேவை என்பதை நம் ஏடுகள் போதிய அளவு விளக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறுவதே வங்கித் தொழில் என்று 5ஆம் பிரிவில் இலக்கணம் வகுக்கிறது. அப்பணம், கேட்டவுடனோ வேறு வகையிலோ திருப்பித் தரப்பட வேண்டியது. ஆக, வைப்புத்தொகை வங்கியின் மீதுள்ள கடன். இலாப நட்டத்தில் பங்கேற்கும் முளாரபா மூலதனத்துக்கு இந்த இலக்கணத்தில் இடமில்லை. 8ஆம் பிரிவு, வங்கி எந்தப் பொருளையும் வாங்கி விற்கக் கூடாது என்கிறது. பொருளை வாங்கி, அடக்கவிலையைச் சொல்லி, இலாபம் சேர்த்துத் தவணையில் விற்கும் முராபஹா அத்துடன் அடைபட்டுவிடுகிறது. 9ஆம் பிரிவின்படி, தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வேண்டியதைத் தவிர்த்த அசையாச் சொத்து எதையும் வங்கி ஏழாண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வங்கியே வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு, பதினைந்து இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் குடியிருப்பவருக்கு உரிமையாக்கும் இஜாரா முறைக்கு இது தடை. ஒரு நிறுவனத்தில் வங்கி எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்பதற்கு 19ஆம் பிரிவு இடும் வரம்பு முஷாரகாவை ஒடுக்குகிறது. இவை போதாவென்று, நடப்புக் கணக்கைத் தவிர வேறு எந்தக் கணக்கிலும் வட்டியில்லா வைப்புத்தொகையை வங்கிகள் ஏற்கக் கூடாது என்னும் விதி ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. சேமிப்பாளர் தாமே வேண்டாம் என்றாலும் வட்டி அவர் கணக்கில் வந்து விழுந்தாக வேண்டும்!

இப்பிரிவுகள் எவையும் இஸ்லாமியப் பொருளியலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. வங்கி வணிகத்தில் இறங்கி மக்கள் பணத்தை இழந்துவிடக் கூடாது என்ற கவலையே அவற்றின் பிறப்பிடம். விடுதலைக்கு முந்திய பல ஆண்டுகளில் சிறு வங்கிகள் பல முறிந்ததைக் கண்ட தலைமுறை அது. அவர்கள் கவலைப்பட்டதைக் குறைகூற மாட்டோம். ஆனால் ஆபத்தைத் தடுக்க எண்ணி, உடன்படிக்கையின் வடிவத்தையே அவர்கள் ஒன்றாகக் குறுக்கிவிட்டனர்.

இனி, தாராளமயம் என்ற பெயரில் நடந்ததைக் காண்போம். 1994 அக்டோபரில், இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கான வட்டி விகிதத்தை வங்கிகளே முடிவு செய்துகொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கின் வட்டி விகிதத்தையும் வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டது. வட்டி எத்தனை விழுக்காடு என்று சொல்லும் அதிகாரத்தை அரசு இவ்வாறு கைவிட்டது. வட்டி அல்லாத வேறு வழியில் வங்கியும் வாடிக்கையாளரும் உறவு கொள்ளலாமா என்ற கேள்வியில் மட்டும் 1949ஆம் ஆண்டிலேயே நிற்கிறது. விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டு வணிகத்தின் வடிவத்தைப் பூட்டி வைப்பது அரைகுறைத் தாராளம் என்றே நாம் கருதுகிறோம்.

இதன் விளைவை நம் ஊர்களில் காணாதவர் யார்? ஒருவர் பணத்தை நடப்புக் கணக்கில் போட்டு, விலைவாசி ஏற ஏற அதன் மதிப்புக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டியை என்ன செய்வது என்று ஆண்டுதோறும் மதரஸாவுக்கு வந்து ஃபத்வா கேட்கிறார். சிறுவணிகர், சரக்கு எடுக்கக் கடன் வேண்டியபோது வங்கியை விலக்குகிறார் அல்லது மனச்சான்றை விலக்குகிறார். நாட்டின் வங்கிக் கடனில் முஸ்லிம்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகை விகிதத்துக்கு மிகக் குறைவு என்பதை 2006இல் சச்சார் குழு எடுத்துக்காட்டியது. அக்குறைவுக்கு வட்டி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். வறுமை, கல்வியின்மை, பாகுபாடு ஆகியனவும் உண்டு. ஆனால் மார்க்கப் பற்றின் காரணமாக ஒதுங்கியவர்களும் அதில் அடங்குவர்.

ஜமாஅத்துகளின் பைத்துல்மாலும் நகை ஈட்டின் மீது கர்ளு ஹஸன் தரும் சங்கங்களும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயல்கின்றன. அவற்றின் முன்னும் ஒரு சுவர் இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனமாக அல்லாத எந்தக் குழுவும், கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தால், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறக் கூடாது என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எஸ் பிரிவு தடுக்கிறது. ஆகவே ஸதகாவாக வந்த பணத்தை மட்டுமே அவை சுழற்ற முடியும். 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் உறுப்பினர் பணத்தைக் கொண்டு வட்டியின்றி நடக்கும் சங்கங்கள் சில உண்டு. தமிழகத்தில் இவ்வழி இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

அரசுக்கு இச்செய்தி தெரியாமல் இல்லை. 2005இல் ஆனந்த் சின்ஹா தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, நடப்புச் சட்டத்தின் கீழ் இஸ்லாமிய வங்கிமுறை இயலாது என்று மறு ஆண்டு அறிக்கை தந்தது. இரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008இல், வட்டியற்ற நிதிச் சேவையை வங்கிகள் வழியாகவே விரிவாக அளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஒதுக்கப்பட்டோரை வங்கிக்குள் கொண்டுவரும் வழியாக அதை அக்குழு கண்டது. 2015இல் தீபக் மொஹந்தி குழு, இருக்கும் வங்கிகளிலேயே வட்டியற்ற சேவைக்குத் தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுந்த வினாவுக்கு விடையளித்த ரிசர்வ் வங்கி, எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறச் சமமான, விரிந்த வாய்ப்புகள் இருப்பதால் இம்முன்மொழிவைத் தொடர்வதில்லை என முடிவெடுத்திருப்பதாகத் தெரிவித்தது. கதவு அனைவருக்கும் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கதவைக் கடந்தபின் உள்ளே ஒரே ஒரு பண்டந்தான் விற்கப்படுகிறது என்பதை அவ்விடை தொடவில்லை.

பங்குச்சந்தையில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1996இல் டாடா நிறுவனம் ஷரீஆ வரம்புகளைப் பேணும் பரஸ்பர நிதி ஒன்றைத் தொடங்கியது. 2010இல் பம்பாய் பங்குச்சந்தை டாசிஸ் ஷரீஆ 50 என்னும் குறியீட்டை வெளியிட்டது. இவற்றுக்காகத் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. செபி இவற்றுக்குச் சலுகை அளிக்கவுமில்லை. எந்தப் பங்கை வாங்குவது என்று அங்கே சட்டம் கட்டளையிடாததால் இடம் தானாகக் கிடைத்தது. கேரளத்தில் அரசு நிறுவனம் ஒன்றின் பங்கேற்போடு அல்பரகா என்னும் வட்டியற்ற நிதி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அது மதச்சார்பின்மைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2011இல் கேரள உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆக, அரசியலமைப்பு குறுக்கே நிற்கவில்லை என்பது தெளிவு.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. கட்டுப்பாடு தளர்ந்தால் மோசடி பெருகாதா? 2019 ஜூனில் பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் சரிந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் குடும்பங்களின் பணம் அதில் மூழ்கியது. மகளின் நிக்காஹ்வுக்குச் சேர்த்ததும் ஓய்வுக்காலத்துக்கு வைத்ததும் போயின. அந்நிறுவனத்தைப் பரிந்துரைத்த ஆலிம்களும் இருந்தனர். கணக்கேட்டைப் பார்க்காமல் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சான்றளித்தவர்கள், தானியக் குவியல் ஹதீஸைப் பாடம் நடத்தும் தகுதியை இழந்துவிட்டார்கள் என்றே சொல்வோம்.

ஆனால் அந்தப் பணம் ஏன் அங்கே சென்றது என்று கேட்க வேண்டும். கண்காணிப்புக்கு உட்பட்ட வங்கியில் ஹலாலான முதலீட்டுக்கு வழி இருந்திருந்தால், கண்காணிப்புக்கு வெளியே நின்ற ஒரு கடைக்கு அவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது. ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் அதே 2019இல் வந்தது. அது தேவையான சட்டம். ஆயினும் கள்ளக் கடையை மூடுவதோடு நேர்மையான கடைக்கு உரிமம் தராமலும் இருந்தால், வாங்க வந்தவர் அடுத்த கள்ளக் கடையைத் தேடிச் செல்வார். ஆகவே நாம் வேண்டும் தளர்வு கண்காணிப்பில் அன்று. மூலதன இருப்பு, கணக்காய்வு, உண்மையை வெளிப்படுத்தல் ஆகியவற்றில் இப்போதுள்ள கண்டிப்பு அப்படியே இருக்கட்டும்; கூடினாலும் நன்றே. உடன்படிக்கையின் வடிவத்தில்தான் அரசு கையை எடுக்க வேண்டும். 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்ததைச் சுட்டிக்காட்டுவோருக்கும் இதுவே விடை. ஈரத் தானியத்தைப் பல கைகள் மாற்றி விற்கவிட்டு, குவியலினுள் கை நுழைக்காமல் இருந்ததே அங்கு நிகழ்ந்த குற்றம்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதற்குப் பிரிட்டன் நல்ல சான்று. அங்கே இஸ்லாமிய வங்கிக்கெனத் தனிச் சட்டம் இல்லை. இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த எடி ஜார்ஜ் தலைமையில் 2001இல் ஒரு பணிக்குழு அமைந்தது. வங்கி வீட்டை வாங்கிப் பிறகு வாடிக்கையாளருக்கு விற்பதால் முத்திரைத்தீர்வை இருமுறை கட்ட நேர்வதே பெரிய இடையூறு என்று கண்டறியப்பட்டது. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த இரட்டைச் சுமையை நீக்கியது. 2004இல் இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டன் உரிமம் பெற்றது. அதுவே இன்று அல் ரய்யான் வங்கி. சலுகையும் தருவதில்லை, தடையும் போடுவதில்லை என்பதே அந்நாட்டு ஒழுங்குமுறையாளரின் நிலைப்பாடாக இருந்தது. இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. 2011இல் அமானா வங்கி கொழும்பில் தொழில் தொடங்கியது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளே இவ்விரண்டும். மலேசியா 1983இலேயே தனிச் சட்டம் இயற்றியது. அதன் சூழல் வேறு என்பதால் அதை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளவில்லை.

நம் நாட்டில் செய்ய வேண்டியதும் பெரிய மாற்றமன்று. 8, 9, 19 ஆகிய பிரிவுகளில், வாடிக்கையாளருக்கு நிதி வழங்கும் நோக்கத்துக்காக மட்டும் வங்கி பொருளை வாங்கி விற்கலாம், சொத்தை வைத்திருக்கலாம், கூட்டுச் சேரலாம் என்று விதிவிலக்குச் சேர்த்தால் போதும். முத்திரைத்தீர்வையில் மாநில அரசுகளும் பங்காற்ற வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வசதியாகவும் இராது. வட்டி கட்டி நொந்த உழவரும் நெசவாளரும் இலாபப் பங்கு முறையைத் தேர்ந்தெடுக்கத் தடையேதும் இல்லை.

வைப்புத்தொகைக் காப்பீட்டில் மட்டும் உண்மையான சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. 2020 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வைப்பாளருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நட்டத்திலும் பங்கேற்பவரே முளாரபாவில் முதலீட்டாளர்; அவருடைய மூலதனத்துக்கு உறுதியளித்தால் உடன்படிக்கையின் தன்மையே கெட்டுவிடும் என்பது ஃபுகஹாக்களின் கருத்து. பிரிட்டனில் இதே கேள்வி எழுந்தபோது, வைப்பாளருக்கு முழுத் தொகையையும் பெறும் சட்ட உரிமை உண்டு, மார்க்க அடிப்படையில் அவர் விரும்பினால் நட்டத்தை ஏற்று அதை மறுத்துவிடலாம் என்று முடிவு கண்டார்கள். இந்தத் தீர்வை நம் மத்ஹபுகளின் அடிப்படையில் ஏற்கலாமா என்று நம் அரபிக் கல்லூரிகள் ஆராய்ந்து எழுத வேண்டும். ஷாஃபிஈ மாணவர் ஃபத்ஹுல் முஈனில் கிராள் என்ற பெயரிலும், ஹனஃபீ மாணவர் ஹிதாயாவில் முளாரபா என்ற பெயரிலும் இப்பாடத்தை ஆண்டுதோறும் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள்.