சோறு வேண்டாம் என்பது பிடிவாதமா, நோயா?

வளர்ந்த பெண்பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தால் நாம் என்ன சொல்கிறோம்? “பசித்தால் தானாகச் சாப்பிடுவாள்” என்கிறோம். பல வேளைகளில் அது சரிதான். ஆனால், பசி இருந்தும் உண்ணவிடாமல் மனமே தடுக்கின்ற நோய் ஒன்று உண்டு. தாய்மார்களே, அதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவர்கள் அதனை அனோரெக்சியா என்கிறார்கள். எலும்பும் தோலுமாக ஆன பிறகும் ‘நான் பருமனாக இருக்கிறேன்’ என்றே நோயாளிக்குத் தோன்றும். புலிமியா என்பது இன்னொரு வகை. அளவுக்கு மீறி உண்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பார்கள். இதனால் இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து குறைந்து இருதயமே நின்றுபோகலாம். மனநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வருவதுண்டு.

ஒரு தாயின் போராட்டம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அன்னா வெஸ்டின் என்ற இளம்பெண்ணை இந்நோய் பற்றியது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நிலை. காப்புறுதி நிறுவனமோ முழுச் செலவையும் ஏற்க மறுத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், 21 வயதில், அன்னா இறந்தார்.

அவருடைய தாயார் கிட்டி வெஸ்டின் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிச் சென்றார், மகளின் கதையைச் சொன்னார், சட்டம் கேட்டார். ஓராண்டு ஈராண்டு அல்ல, 16 ஆண்டுகள்! 2016 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பெரிய சுகாதாரச் சட்டம் ஒன்றில் அன்னாவின் பெயரால் கேட்கப்பட்டவை இடம்பெற்றன. உடல் நோய்க்குத் தரும் காப்புறுதிக்குக் குறையாமல் இந்நோய்க்கும் தர வேண்டும், தங்கிப் பெறும் சிகிச்சையும் அதில் அடங்கும் என்பது தெளிவாக்கப்பட்டது. நோயை முன்கூட்டியே கண்டறிய மருத்துவத் துறையினருக்குப் பயிற்சி தரவும் வழி பிறந்தது.

பிரான்ஸ் நாடு வேறொரு வழியில் சென்றது. விளம்பர அழகியர் உடல்நலத்தோடு இருப்பதாக மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றது. உடலை மெலிதாகக் காட்டத் திருத்திய படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. மீறினால் 37,500 யூரோ அபராதம்!

நாம் கேட்க வேண்டியவை

அது வெள்ளைக்காரர் நோய் என்று ஒதுக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் வரும் மெலிந்த உருவங்களை நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் நழுவுவது, உண்டவுடன் குளியலறைக்கு ஓடுவது, மாதவிலக்கு நிற்பது, ஓயாமல் எடை பார்ப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதோடு நின்றுவிடக் கூடாது. கிளினிக் தாதியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இந்நோயை அறியும் பயிற்சி வேண்டும். பெரிய பட்டணம் வரை அலையாமல் சிகிச்சை கிடைக்க வேண்டும். மெலிய வைக்கும் மாத்திரை விளம்பரங்களுக்குக் கடிவாளம் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கூட்டாகக் கடிதம் எழுதுங்கள்.

கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதைத் தோட்டத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாய் திறக்காமல் வாடும் பிள்ளைகளுக்காக, பெற்றவர்கள் நாம்தான் கேட்க வேண்டும்.