வீணைக்குள் ஒரு பலா மரம்

பலா என்றதும் நமக்குச் சுளைதான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர் வீணை செய்பவர்களுக்கோ கட்டைதான். புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணையின் குடம், தண்டி இரண்டுமே பலா மரம். மிருதங்கக் கட்டையும் பெரும்பாலும் பலாதான். ஏன் பலா, வேறு மரம் ஆகாதா என்று பலர் கேட்கிறாங்க.

தந்தியை மட்டும் மீட்டினால் சத்தம் கொஞ்சம்தான் வரும். அந்த அதிர்வு குதிரை வழியாக மேல்பலகைக்கு இறங்கி, குடத்தையும் அதற்குள் இருக்கும் காற்றையும் அசைக்கும்போதுதான் நாதம் பிறக்கிறது. மரம் ரொம்பக் கனமாக இருந்தால் அதை அசைக்கவே தந்தியின் பலம் போய்விடும். மெத்தென்ற மரமோ அதிர்வை விழுங்கிவிடும். பலா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கனம் மிதம், விறைப்பு உண்டு, மெல்லிசாகக் குடைந்தாலும் தாங்கும். அதனால்தான் மீட்டிய ஒலி சட்டென்று அடங்காமல் கார்வையோடு நிற்கிறது.

ஆனால் எல்லாப் பலாவும் வீணைக்கு ஆகாது. வெளிப்புற வெள்ளைக் கட்டையில் பூச்சி விழும். உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்த பகுதிதான் வேண்டும். அது நன்றாகத் திரள மரத்துக்குப் பல பத்து வருஷ வயசு ஆகணும். குடம், தண்டி எல்லாம் ஒரே கட்டையில் குடையும் ஏகாந்த வீணைக்கு சுமார் 4 அடி நீளத்துக்கு முடிச்சு, வெடிப்பு இல்லாத பருத்த அடிமரம் வேண்டும். அப்படி மரம் கிடைப்பது அரிது என்பதால் துண்டுகளை இணைத்துச் செய்யும் ஒட்டு வீணைதான் அதிகம்.

அடுத்தது காய்ச்சல். ஈரக்கட்டை ஒலியை மந்தமாக்கும். செய்த பிறகு காய்ந்தால் தண்டி வளையும், 24 மெட்டுகளின் சுருதியும் பிசகும். அதனால் அறுத்த கட்டையை நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமாகப் பொறுமையாக உலர்த்தணும். வெட்டுமுகங்களில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினால் வெடிப்பு குறையும்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? 2011 தானே புயலில் கடலூர்ப் பக்கமும், 2018 கஜா புயலில் புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கமும் எத்தனையோ பலா மரங்கள் சாய்ந்தன. அந்த இடத்தில் இன்று நட்ட கன்று வீணைக்கட்டை ஆக ஒரு தலைமுறை ஆகும். மிஞ்சி நிற்கும் பழைய மரத்தையும் கல்யாணம், வைத்தியம் என்று அவசரச் செலவு வந்தால் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். வங்கியில் இருந்த காலத்தில் அவசரத்துக்கு நிலத்தையும் நகையையும் அடகு வைப்பவர்களைத்தான் பார்த்தேன். வயலில் நிற்கும் மரத்தைச் சொத்தாக யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

ஆகவே நண்பர்களே, விற்றே ஆகணும் என்றால் நல்ல அடிமரத்தைத் துண்டு போடவோ விறகோடு சேர்த்து எடை போடவோ விடாதீங்க. முதலில் வாத்தியம் செய்பவர்களிடம் காட்டுங்க. புதிதாக நடுகிறவர்கள் சீக்கிரம் காய்க்க ஒட்டுக்கன்று வைத்தாலும், தண்ணீர் தேங்காத வரப்போரமாக நாலு விதைக்கன்றும் வையுங்க. கீழ்க்கிளைகளைச் சின்னதிலேயே கழித்துவிட்டால் அடிமரம் முடிச்சில்லாமல் நேராக எழும்பும். கட்டைக்குக் காத்திருக்கும் காலமெல்லாம் சுளையும் ஆட்டுக்குத் தழையும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.