டி செல் மீது விழுந்த பழி... தெரியுமா?

டெங்குவில் ஆபத்து எப்போது ஆரம்பிக்கிறது தெரியுமா? பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான்! "சூடு இறங்கிடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்" என்று வீட்டார் பெருமூச்சு விடும் நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்குகிறது. அதைவிட ஆச்சரியம், அதற்குள் ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும்!

எதிரி ஓடும் நேரத்தில் கலாட்டா செய்வது யார்? நம் நோய் எதிர்ப்புப் படையின் வெள்ளணுக்களான டி செல்கள் மீது சந்தேகம் விழுந்தது. டெங்கு வைரஸில் நான்கு வகை. முதலில் வந்த வகையை அறிந்த டி செல்கள் பல்லாண்டு உடம்பில் தங்கிவிடும். பிறகு வேறு வகை நுழைந்தால், புது ஆட்கள் தயாராவதற்குள் இந்தப் பழைய ஆட்களே முண்டியடித்து வருகிறார்கள். புது வகையை அரைகுறையாகத்தான் பிடிக்கத் தெரியும். ஆனால் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கொட்டுவதில் மட்டும் குறையே வைப்பதில்லை! தாய்லாந்துக் குழந்தைகளின் ரத்தத்தில் இப்படிப்பட்ட செல்களைக் கண்ட ஆய்வு 2003-இல் வெளியானது.

உடம்பின் ஞாபகம் எவ்வளவு நீளம் தெரியுமா? கியூபாவில் 1977-இல் முதல் வகை டெங்கு பரவியது. 1997-இல் சாண்டியாகோ டி கியூபாவில் இரண்டாம் வகை வந்தபோது நோய் கடுமையாகிப் படுத்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே பெரியவர்கள், 20 வருடம் முன்பு முதல் வகையைப் பார்த்தவர்கள்! (இதில் ஆன்டிபாடிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பழியை முழுக்க டி செல் தலையில் கட்டுவது அநியாயம்.)

அந்தப் பழியை அசைத்துப் பார்த்தது எந்த ஊர் ரத்தம் தெரியுமா? கொழும்பு! அங்கே ரத்ததானம் செய்தவர்களின் செல்களை கலிபோர்னியாவின் லா ஹோயா ஆய்வகம் சோதித்தது. 2013-இல் முடிவு வந்தது: நோய் கடுமையாகாமல் காக்கும் மரபு வகை கொண்டவர்களிடம், சிடி8 டி செல்கள் வலுவாகவும் பல வேலைகளை ஒருங்கே செய்பவையாகவும் இருந்தன. குற்றவாளி என்று நினைத்தவர் காவல்காரராகவும் இருக்கிறார்!

இந்த சிடி8 டி செல்கள் வைரஸின் வெளியுறையைத்தான் தேடும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! பெரும்பாலும் குறி, செல்லுக்குள் வைரஸ் நகலெடுக்க உதவும் என்எஸ்3, என்எஸ்5 போன்ற உள்புரதங்கள் மீதுதான். டெங்வாக்சியா தடுப்பூசியிலோ மேல்சட்டை மட்டும் டெங்கு. உள்ளே இருப்பது மஞ்சள் காய்ச்சல் வைரஸ்! பிலிப்பைன்ஸில் 2016-இல் தொடங்கி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு இது ஆபத்தைக் கூட்டலாம் என்று தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. டி செல்லுக்கு வேண்டிய டெங்கு உள்புரதங்கள் இல்லாததும் ஒரு காரணமோ என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். பின்னால் வந்த ஜப்பானின் கியூடெங்கா தடுப்பூசியில் உள்ளே இருப்பது பலவீனப்படுத்திய இரண்டாம் வகை டெங்கு வைரஸேதான்!