தளபதிக்கு எதற்கு இயற்பியல்?

1991 பிப்ரவரி 25 இரவு. வளைகுடாப் போர் முடியும் தறுவாய். நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் சவூதியின் தம்மாமை ஒட்டிய தஹ்ரானில், ஒரு கிடங்கைத் தங்குமிடமாக்கி அமெரிக்கப் படையினரைத் தங்க வைத்திருந்தார்கள். ஈராக்கிலிருந்து வந்த ஸ்கட் ஏவுகணை அதன் மேல் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அங்கே காவல் நின்ற பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்புப் பிரிவு, வரும் ஏவுகணையை நோக்கி ஒரு தடுப்பு ஏவுகணையைக்கூட அனுப்பவில்லை.

காரணம் ஒரு கடிகாரம். பேட்ரியட்டின் கணினி, நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகும். பத்தில் ஒன்று என்றால் நமக்கு 0.1, அதோடு முடிந்தது. கணினிக்கு 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள்தான் தெரியும். அந்த முறையில் பத்தில் ஒன்றை எழுதப் போனால், மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று நீட்டிக்கொண்டே போவதைப் போல முடிவே வராது. அந்தக் கணினியில் 24 இலக்கங்களுக்குத்தான் இடம் இருந்ததால், மிச்சத்தை வெட்டிவிட்டது. ஒவ்வொரு எண்ணலிலும் வெட்டுப்பட்டது, ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அந்த இயந்திரம் அணைக்கப்படாமல் 100 மணி நேரத்துக்கும் மேலாக ஓடியிருந்தது. 100 மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணல்கள். துளித்துளியாகச் சேர்ந்த பிழை 0.34 நொடி.

ஸ்கட் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும். 0.34 நொடியில் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ரேடார் அதை முதலில் கண்டது. அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, வானத்தின் அந்தத் துண்டை மட்டும் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. கண்டது பொய்த்தோற்றம் என்று முடிவு கட்டி விட்டுவிட்டது.

கணக்குப் பிழையைக் காட்டிலும் என்னை அதிகம் உறுத்துவது, அது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே குறி விலகுகிறது என்று, பேட்ரியட்டைப் பயன்படுத்திய இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11 அன்றே தரவுகளோடு தெரிவித்துவிட்டார்கள். 16ஆம் தேதி திருத்திய மென்பொருள் தயார். 21ஆம் தேதி, மிக நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி விலகக்கூடும் என்று களத்தில் இருந்தவர்களுக்கு ஒரு செய்தி போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. இவ்வளவு நேரம் யாரும் நிறுத்தாமல் ஓட்டமாட்டார்கள் என்று மேலே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அணைத்து மறுபடி போட ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம்தான் ஆகும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பிழையும் போய்விடும். புதிய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று.

படைத்தலைவர்களுக்கு விண்வெளியையும் ஏவுகணைத் தடுப்பையும் தனிப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த நிகழ்ச்சிதான். தளபதி நிரல் எழுதத் தேவையில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு இயந்திரத்தின் உள்ளே நடப்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை எழுதாமல் செய்தி அனுப்பக் கூடாது என்பது மேலே இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தஹ்ரானில் வந்தது குறுகிய தூர ஏவுகணை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. புறப்பட்டு இலக்கில் விழ அதற்குச் சுமார் 30 நிமிடம். எரிபொருள் எரிவது தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த நெருப்பின் வெப்பத்தைத்தான் விண்ணில் இருக்கும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. பிறகு ராக்கெட் அணைந்துவிடும். அணுகுண்டைச் சுமக்கும் முனை மட்டும் வெற்றுவெளியில் 1,200 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பி இறங்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான்.

அங்கே காற்று இல்லை. ஒரு டன் இரும்பும் மெல்லிய தாளால் செய்த பலூனும் ஒரே வேகத்தில், பக்கம் பக்கமாகப் பறக்கும். எதிரி குண்டோடு பத்து பலூன்களையும் சேர்த்து விட்டால், எது உண்மை எது போலி என்று பிரித்தறிவது மிகக் கடினம். வளிமண்டலத்தில் நுழைந்த பிறகுதான் பலூன்கள் பின்தங்கும். அப்போது மிச்சம் இருப்பது ஓரிரு நிமிடம்கூட இல்லை. அதற்கு முன்பே, வெற்றுவெளியிலேயே அதைத் தாக்க அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் 44 தடுப்பு ஏவுகணைகளை வைத்திருக்கிறது. அவற்றின் முனையில் இருப்பது சுமார் 64 கிலோ எடையுள்ள ஒரு கருவி. அதில் வெடிமருந்து கிடையாது, நேருக்கு நேர் மோதித்தான் அழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு நொடி தவறினால் 10 மீட்டர் விலகிவிடும். மனிதன் இதைச் செய்ய முடிகிறது என்பதே எனக்குப் பெரிய வியப்பு. ஆனால் இதுவரை நடந்த சோதனைகளில் பாதியை ஒட்டித்தான் வெற்றி. பொத்தானை அழுத்துபவர் இந்த எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும்.

அந்தப் பணியில் இருப்பவர்கள் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலும் கொலராடோவிலும் முறை வைத்து விழித்திருக்கும் தேசியக் காவல்படை வீரர்கள். ஒரு முறைக்கு ஐந்து பேர். 300 பேர் 30 கோடிப் பேரைக் காக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர்களுக்கு மேலே இருக்கும் விண்வெளி மற்றும் ஏவுகணைப் பாதுகாப்புக் கட்டளையகம் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் இருக்கிறது; அதன் பயிற்சிப் பள்ளி கொலராடோ ஸ்பிரிங்ஸில். விண்வெளிப் போரை மேசையில் நடத்திப் பார்க்கும் ‘ஷ்ரீவர்’ போர்ப் பயிற்சி 2001இல் தொடங்கியது. செயற்கைக்கோள்கள் குருடானால் யாரிடம் என்ன கேட்பது, யார் உத்தரவு தருவது என்பதை உயர் அதிகாரிகள் அதில் பழகிப் பார்க்கிறார்கள்.

பயிற்சியே ஆபத்தான கதையும் உண்டு. 1979 நவம்பர் 9 அன்று, சோவியத் ஏவுகணைகள் வருவதாக வட அமெரிக்க வான் பாதுகாப்பு மையத்தின் திரைகள் காட்டின. ஒத்திகைக்காக வைத்திருந்த காட்சி, தவறுதலாக நிஜத் திரைகளில் ஓடியிருந்தது. போர் விமானங்கள் மேலெழும்பிவிட்டன. செயற்கைக்கோள், ரேடார் தகவல்களை நேரடியாகச் சரிபார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அதன் பின் ஒத்திகைக்கும் சோதனைக்கும் தனி இடம் ஏற்படுத்தினார்கள்.

சோவியத் பக்கத்தில் 1983 செப்டம்பர் 26 அன்று லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருந்தார். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று கணினி அலறியது. அவர் ஒரு பொறியாளர், அந்தப் புதிய எச்சரிக்கை அமைப்பின் குறைகளை அறிந்தவர். போரைத் தொடங்குபவன் ஐந்தே ஏவுகணைகளை அனுப்பமாட்டான் என்று யோசித்தார். தரை ரேடார்களிலும் எதுவும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். உயரத்து மேகங்களில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை நெருப்பாக எடுத்துக்கொண்டிருந்தது.

20 ஆண்டு கழித்து, 2003 ஈராக் போரில், பேட்ரியட் பிரிவுகள் தங்கள் தரப்பு விமானங்களையே சுட்டு வீழ்த்தின. மார்ச் 23 அன்று பிரிட்டிஷ் டொர்னாடோவில் இருவர் இறந்தார்கள். ஏப்ரல் 2 அன்று ஒரு அமெரிக்க விமானி. பிறகு ஆராய்ந்த அமெரிக்கப் பாதுகாப்பு அறிவியல் வாரியம், இயந்திரத்திடம் மிக அதிகமாக விடப்பட்டிருந்ததையும், அதை மேற்பார்வையிடும் அளவுக்கு வீரர்களுக்குப் பயிற்சி இல்லாததையும் சுட்டிக்காட்டியது. பெத்ரோவுக்குத் தெரிந்திருந்ததை இவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இது தூரத்து நாடுகளின் கவலை மட்டும் இல்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் குண்டு இல்லை, யாரும் சாகவில்லை. பாகிஸ்தானும் பதிலுக்குத் தாக்கவில்லை. வகுத்த நடைமுறையிலிருந்து விலகியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்து, ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நமக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே 30 நிமிடம் கிடையாது. ஏவுகணை சில நிமிடங்களில் வந்துவிடும்.

ஏவுகணைச் சோதனை வெற்றி என்று செய்தி வரும்போது நாம் கை தட்டுகிறோம், தட்டவும் வேண்டும். அதோடு, அதன் முன்னால் உட்காரப்போகும் அதிகாரிக்கு எத்தனை மாதம் பயிற்சி, பொய் எச்சரிக்கையை இனங்காண அவருக்கு யார் கற்பிக்கிறார்கள் என்பதையும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள்.