எடை இயந்திரம் காட்டாத நோய்

விரல் முட்டிகளின் மேல், புறங்கைப் பக்கம், தோல் காய்த்துப்போயிருக்கும். சாப்பிட்டதை வெளியே தள்ள விரலைத் தொண்டைக்குள் விடும்போதெல்லாம் மேல்பல் உரசி வந்த காய்ப்பு அது. லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-இல், அளவுமீறித் தின்றுவிட்டு அதை வெளியேற்றும் புலிமியா நோயை விவரித்தபோது இதையும் குறித்துவைத்தார். மருத்துவர்களிடையே இன்றும் அந்தக் காய்ப்புக்கு அவர் பெயர்தான்.

புலிமியா உள்ள பிள்ளைகளில் பலர் ஒல்லியாக இருப்பதே இல்லை. வீடு ஏமாந்துபோவது இங்கேதான். “நல்லாத்தானே இருக்கா” என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். சாப்பிட்ட கையோடு மகள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். கட்டிலுக்கடியில் காலி பிஸ்கட் பாக்கெட்டுகள் கிடக்கும். வாந்தியின் அமிலம் பல் எனாமலைக் கரைக்கும். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும். அதையும் சதை போட்டதாகவே வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டையே ஒதுக்கிப் பட்டினி கிடக்கும் அனரெக்ஸியா நோயின் போக்கு வேறு. “டியூஷன்லயே சாப்பிட்டுட்டேன்” என்ற பதில் தினமும் வரும். ஒரே இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்புவது, தம்பிக்கு ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடாமலிருப்பது, வெயில் காலத்திலும் குளிர்கிறது என்பது, மாதவிடாய் நின்றுபோவது, முதுகில் பூனைமயிர் முளைப்பது என்று அடையாளங்கள் ஒன்றொன்றாகச் சேரும்.

பையன்களுக்கும் இந்த நோய்கள் வரும். ஆனால் ஜிம்மே கதியென்று கிடந்து சோற்றை அறவே ஒதுக்கும் பையனை ‘கட்டுப்பாடான பிள்ளை’ என்று நாம் மெச்சிவிடுகிறோம்!

சாப்பிட மறுப்பதை வெறும் பிடிவாதம் என்று எண்ணுபவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-இல் நடந்த ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பு ஓயவில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆட்களோடு பழகுவதைக் குறைத்தார்கள். பட்டினியே மனதைத் திருகிவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் ‘ஒழுங்காகச் சாப்பிடு’ என்று அதட்டுவது எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். மயக்கம், படபடப்பு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் தேவைப்படும். மற்றபடி, எடையைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப்போங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.