வேலையை விடறதுக்கு முன்னாடி: அந்த பலம் உங்களோடதா, கம்பெனியோடதா?

பிசினஸ் ஆரம்பிக்கணும்னு என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சை ஆரம்பிப்பாங்க. "சார், இந்த ஃபீல்டுல எனக்கு எட்டு வருஷ அனுபவம் இருக்கு."

நான் திருப்பி மூணு கேள்வி கேட்பேன். கடைசியா நீங்க முடிச்ச வேலைக்கு கஸ்டமரை பிடிச்சது யாரு? விலை பேசினது யாரு? பணத்தை வசூல் பண்ணது யாரு? "அது சேல்ஸ் டீம் சார்... அது அக்கவுண்ட்ஸ்ல பார்த்துப்பாங்க" அப்படின்னு பதில் வரும். அப்போ அந்த எட்டு வருஷத்துல உங்களோட பங்கு நடுவுல இருக்கற ஒரு பகுதி மட்டும்தான்.

இதை நான் கிண்டலா சொல்லல. நானே இதுல அடி வாங்கினவன்தான்.

ஒரு ஆடிட் ஆபீஸ்ல நாலு வருஷம் வேலை பார்த்துட்டு சொந்தமா போர்டு மாட்டினேன். டாக்ஸ் தெரியும், பேலன்ஸ் ஷீட் தெரியும், வேற என்ன வேணும்னு நினைச்சேன். கிளையண்டும் வந்தாங்க. ஆனா ஃபீஸ் கேட்க வாய் வராது. ஒருத்தர் 42,000 ரூபாய் பில்லை ஏழு மாசம் இழுத்தாரு. போன் பண்ணுவேன். அவர் "தம்பி, நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்பாரு. நானும் அவங்க வீட்டு விசேஷத்தை விசாரிச்சுட்டு வச்சிடுவேன்!

இதுல இன்னொரு கூத்து. சேவைத் தொழிலுக்கு வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நான் கெத்துக்காக முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன். பில் போட்டாச்சுன்னா, பணம் வந்தாலும் வரலைன்னாலும் வரி கட்டணும். மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்களுக்கு அடுத்த மாசம் 20ஆம் தேதி கெடு. 18 சதவீதம், அதாவது 7,560 ரூபாய், என் கையில இருந்து போச்சு.

சிறு தொழில்களுக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு. உத்யம் பதிவு இருந்தா, எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தரணும். தரலைன்னா வட்டி கேட்கலாம். ஆனா போன்லயே கேட்க முடியாதவன் நோட்டீஸா அனுப்பப் போறான்?

கடைசியில நான் மாறல, ஏற்பாட்டை மாத்தினேன். பாதி ஃபீஸ் முன்பணமா வாங்கினேன். வசூல் போன் பண்ற வேலையை ஆபீஸ்ல இருக்கற அக்காகிட்ட கொடுத்தேன். அவங்க கூச்சமே படமாட்டாங்க.

அதனால ஆன்லைன் பர்சனாலிட்டி டெஸ்ட் எல்லாம் வேண்டாம். சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் இல்லாத ஒரு ஆளுக்கு, தள்ளுபடி இல்லாம, ஒரு சின்ன வேலையை வித்துப் பாருங்க. பில் போட்டு பணம் கைக்கு வர்ற வரைக்கும் நீங்களே செய்யுங்க. அப்போ எந்த வேலையை "நாளைக்கு பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போட்டீங்கன்னு குறிச்சு வைங்க. அங்கதான் உங்களுக்கு ஆள் வேணும். கூட வேலை பார்த்தவங்ககிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க. "நான் எதுல கெட்டி?"ன்னு கேட்டா எல்லாரும் நல்லதாதான் சொல்லுவாங்க. "என்கிட்ட எந்த வேலையை கொடுக்க யோசிப்பீங்க?"ன்னு கேளுங்க.

அடுத்தது, சம்பளம் இல்லாம எவ்வளவு நாள் தாங்குவீங்க? ஆறு மாசம் பாதி சம்பளத்துல குடும்பத்தை நடத்திப் பாருங்க. மீதியை கிரெடிட் ஆன அன்னைக்கே தனி அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. மூணாவது மாசமே அதுல கை வச்சிட்டா, இன்னும் கொஞ்ச நாள் வேலையில இருக்கறது நல்லது. வேலையை விட்டா கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸும் பிஎஃப் பங்கும் நின்னு போகும்ங்கறதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

ஒரு விஷயம், இந்த சோதனையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேலையில இருக்கும்போது வெளியில சம்பாதிக்கக் கூடாதுன்னு போட்டிருந்தா, முதல்ல ஹெச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க.