கதவுத் தாழ்ப்பாளும் த்ரீ நாட் த்ரீயும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, இரண்டு உலகப்போர்களிலும் சிப்பாய்கள் தூக்கிய துப்பாக்கிகள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி துப்பாக்கி?" என்று என் தோழி கேட்டாள். அவளுக்குப் பதில் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் தாழ்ப்பாள்

1799-ல் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனோடு கும்பினிப் படை சண்டை போட்டபோது, துப்பாக்கிக் குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துத்தான் சுட வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

நூறு வருஷத்தில் எல்லாம் மாறிப்போச்சு. குண்டு, மருந்து இரண்டையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடைத்துத் தோட்டா ஆக்கினார்கள். அதைக் குழாயின் பின்பக்கமாகத் தள்ளி அடைக்க ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள். நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரியேதான். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இங்கிலீஷிலும் இதற்குப் 'போல்ட்' என்றுதான் பெயர். ஒவ்வொரு தடவை சுடவும் இந்த வேலையைக் கையால் செய்யணும்.

குழாயின் உள்ளே திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும். அதனால் குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே போகும். சுற்றுகிற பம்பரம் சாயாது அல்லவா? அதேபோல் குண்டும் தடுமாறாமல் நேராகப் போகும்.

ஐந்து நாட்டுத் துப்பாக்கிகள்

1) லீ என்பீல்டு (பிரிட்டன், இந்தியா): குழாயின் அளவு .303 அங்குலம். அதனால்தான் நம்ம ஊர்ப் பெரியவர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்கிறார்கள். முதல் உலகப்போரில் இருந்ததன் நீளம் 113 செ.மீ. பெட்டியில் 10 தோட்டா. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கினாலே போதும், சீக்கிரம் இழுக்கலாம். நிமிஷத்துக்கு 15 தடவை குறி பார்த்துச் சுடணும் என்பது பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வைத்த பயிற்சி.

2) மவுசர் (ஜெர்மனி, 1898): 7.92 மி.மீ., 5 தோட்டா. தாழ்ப்பாளின் முன்பக்கம் இரண்டு புடைப்பு பூட்டிக்கொள்ளும், பாதுகாப்புக்கு மூன்றாவதும் உண்டு. உறுதியான பூட்டு என்பார்கள்.

3) மோசின் நாகாந் (ரஷ்யா, 1891): 7.62 மி.மீ., 5 தோட்டா. முரட்டு வேலைப்பாடு. கடும் பனியிலும் வேலை செய்யும்.

4) அரிசாகா (ஜப்பான், 1905): 6.5 மி.மீ., 5 தோட்டா. நீளம் 128 செ.மீ. நம்மில் சில பேருக்கு நெஞ்சு உயரம் வரும்! சின்னக் குண்டு என்பதால் தோளில் உதை குறைவு. மேலே ஜப்பான் மன்னரின் செவ்வந்திப் பூ முத்திரை இருக்கும். 1945-ல் சரணடைந்தபோது நிறையத் துப்பாக்கிகளில் அந்தப் பூவை ராவி அழித்துவிட்டார்கள்.

5) ஸ்பிரிங்பீல்டு (அமெரிக்கா, 1903): 7.62 மி.மீ., 5 தோட்டா. மவுசரின் அமைப்பை எடுத்துக்கொண்டதால் அமெரிக்கா மவுசர் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

எல்லாமே ஏறக்குறைய 4 கிலோ எடை. எங்க தாத்தா போலீஸ் ஆயுதப்படையில் த்ரீ நாட் த்ரீ பிடித்தவர்கள். "கட்டையைத் தோளோட இறுக்கி வைக்கலைன்னா மறுநாள் கையைத் தூக்க முடியாது" என்பார்கள்.

ஆக, வேகத்துக்கு லீ என்பீல்டு என்று சொல்லலாம்.

நம்மவர்கள் கையில்

முதல் உலகப்போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள். 1914-ல் பிரான்சில் கப்பலை விட்டு இறங்கியதும் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புது மாதிரி லீ என்பீல்டைக் கொடுத்தார்கள். பழகிய துப்பாக்கி போய், புதுசோடு நேரே போர்முனைக்கு!

இரண்டாம் உலகப்போரில் 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அங்கே பிடிபட்ட பிரிட்டிஷ் துப்பாக்கிகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு வந்தன. 1943-ல் கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானது. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் அதில் நிறையப் பேர். ராசம்மா என்பவருக்குச் சேரும்போது 16 வயசுதான். நம்மைவிட இரண்டு வயசு கூட! என் தோழிக்கு இதுதான் பதில்.

1944-ல் இம்பாலில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையிலும் த்ரீ நாட் த்ரீ, எதிரே வந்த இந்திய தேசிய ராணுவத்தின் கையிலும் த்ரீ நாட் த்ரீ. இரண்டு பக்கமும் நம்மவர்களே.

ஒரு கணக்கு

வேகம் நல்லதுதானே என்று தோன்றும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். 50 சிப்பாய்கள் இதே லீ என்பீல்டால் சுமார் 10 நிமிஷம் சுட்டார்கள். மொத்தம் 1650 தோட்டா. 1650-ஐ 50-ஆல் வகுத்தால் ஆளுக்கு 33. பத்துத் தோட்டாப் பெட்டி மூன்று தடவை காலியாகி, நான்காவது தடவையும் நிரப்பியிருக்கிறார்கள். நிமிஷத்துக்குப் பார்த்தால் மூன்றுதான் வருகிறது. பதினைந்து சுடக்கூடிய துப்பாக்கி! அதாவது ஒவ்வொரு தடவை தாழ்ப்பாளை இழுக்கும்போதும் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படியே இறந்தவர்கள் 379 பேர்.

பிறகு

கையால் இழுக்காமல் தானாகவே தோட்டா ஏறுகிற துப்பாக்கிகள் வந்தபின் தாழ்ப்பாள் காலம் முடிந்தது. ஆனாலும் 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் பெரும்பாலும் த்ரீ நாட் த்ரீயோடுதான் பனிமலையில் நின்றார்கள். உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது. நம் திருச்சியிலேயே 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கி, புது மாதிரிகள் செய்கிறார்கள்.

எத்தனை தோட்டா, என்ன நீளம் என்பதை அட்டவணை போட்டு ஒப்பிடலாம். யாரைப் பார்த்துச் சுடுவது என்பது மட்டும் அந்த அட்டவணையில் வராது. உலகப்போர்ப் பாடம் படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி